மருங்காபுரித் தேளின் விஷம் பற்றிய குறிப்பு

தேளை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கண்டவுடன் செருப்பைத் தேடுகிறார்கள். மருங்காபுரி நல்லுசாமி அப்படியில்லை. கடலைக்காட்டில் கல்லைப் புரட்டியபோது கிடைத்த இரண்டையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, பஸ் ஏறி, திருச்சியில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

"வால்ல மஞ்சக் கோடு இருக்குங்க சார். எங்க ஊர்ல இப்படிப் பாத்ததில்ல."

புதிய இனம் என்று நிரூபிப்பது பெண் பார்ப்பதைவிடச் சிக்கலான வேலை. ஒன்றைச் சாராயத்தில் ஊறப்போட்டேன். வைக்கப்போகும் பெயருக்கு அத்தாட்சி அதுதான். அதன் வயிற்றடியில் சீப்பு மாதிரி ஓர் உறுப்பு உண்டு. அதன் பற்களை எண்ணினேன். கொடுக்கின் மயிர்களை எண்ணினேன். என் தலையில் இருப்பதைவிட அதிகம். ஒரு காலை வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். மியூசியங்களில் நூறு வருடமாக ஊறிக் கிடக்கும் தேள்களோடு ஒப்பிட்டேன். எதனோடும் பொருந்தவில்லை.

கட்டுரையில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது: மனிதர்மேல் விஷத்தின் விளைவு. 'தெரியவில்லை' என்று எழுதலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்குச் சோம்பேறித்தனம் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்டோ எடுக்க வேண்டும் என்று நல்லுசாமியை வரச்சொன்னேன். புதுச்சட்டை போட்டு வந்தார். கரப்பான்பூச்சி போட்டு நான் வளர்த்துவந்த இன்னொரு தேளை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"கொட்டிராதுங்களா சார்?"

"சாதுங்க. ஒண்ணும் பண்ணாது."

நிஜமாகவே சாது. இடுக்கியால் வாலை அழுத்திய பிறகுதான் கொட்டியது.

கொட்டியது 11.10. வியர்வை 11.18. வாயில் நுரை 11.35. "நெஞ்ச அடைக்குது சார், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க" என்றது 11.40. புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். ஆனால் மருந்து உள்ளே போய்விட்டால், எது விஷத்தின் வேலை, எது மருந்தின் வேலை என்று எப்படிப் பிரிப்பது? "ஆட்டோ வந்துட்டே இருக்குங்க" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்தபடி நாடியை எண்ணினேன். 12.55க்கு மேல் எண்ண ஒன்றுமில்லை.

அவர் மனைவி இருசம்மாள் வந்து என்னைக் கும்பிட்டார்.

"கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்களேய்யா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரம் குறித்த நோட்டு உங்கள் கையில் இருக்கிறது. கொட்ட வைத்தவன் நான். ஆட்டோவைக் கூப்பிடாதவனும் நான். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேளுக்கு நான் நல்லுசாமியின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். கொலைகாரனுக்கு இவ்வளவு நன்றி இருக்குமா, மேடம்?