கால் துறை மந்திரிக்கு

புண்பட்ட கால்களின் புகலிடமே! பஞ்சும் பரிவும் பிரியாத பண்பாளரே! கட்டுப் போடுகிறவரை மந்திரி என்றழைக்கும் எங்கள் புளோரஸ் தீவில், கொடி வைத்த காருமின்றி, கூட வரும் கூட்டமுமின்றி, கொதித்தாறிய உப்புநீர் வாளியும் கத்தரியுமாய் முப்பத்து நான்கு ஆண்டுகள் கால் துறையை ஆண்ட டொமினிகுஸ் ரகா ஐயா அவர்களே! வணக்கம்.

தாங்கள் வந்த நாளில் நம் ஊர் வத்துமோகாவில் வைத்தியத்துக்கா பஞ்சம்? காலில் புண் வந்தால் போதும், வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்கள், புகையிலையை அப்பினார்கள், பழைய பேட்டரியை உடைத்துக் கருந்தூளையும் தூவினார்கள். அத்தனையையும் பொறுமையாய்க் கழுவிவிட்டு, "ரேடியோவுக்குப் போடுறதக் காலுக்குப் போட்டா, காலு பாட்டா பாடும்?" என்று தாங்கள் போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டது. ஈ மொய்க்காமல் மூடு, உட்கார்ந்தால் காலைத் தூக்கி வை, கட்டை அவிழ்க்காதே என்ற ஆணைகளுக்கு ஊரே அடங்கியது.

ஒரே ஒருவர் அடங்கவில்லை. பனையேறி லம்பெர்த்துஸின் இடது கணுக்காலுக்கு மேலே ஆறு வருடமாய் ஆறாத புண்! "உன் புண்ணு ஆறாம நான் வேலைய விட்டுப் போகமாட்டேன்யா" என்று சபதமே செய்தீர்கள். அன்று பிடித்தது சனி. சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கும் புண், கட்டு மாற்றும் அடுத்த செவ்வாய்க்குள் எலுமிச்சை அளவுக்கு விரியும். மருந்தை மாற்றினீர்கள், கட்டை மாற்றினீர்கள், தூக்கத்தைத் தொலைத்தீர்கள்.

நேற்றல்லவா குட்டு உடைந்தது! நம் சுகாதார நிலையத்துக்குப் பின்னாலேயே, கட்டை அவிழ்த்துப் புண்ணைச் சொறிந்துகொண்டிருந்தவரைக் கையும் காலுமாய்ப் பிடித்தோம்.

"ஆறுனா மந்திரி போயிருவாருல்ல? அப்புறம் யாரு என்னை இப்படி வாய் நிறையத் திட்டுவா?" என்று தேம்பினார் அந்த மனிதர்.

ஓங்கிய தங்கள் கை அறையப் போகிறது என்றே அஞ்சினோம். அது கத்தரியை எடுத்தது. "அட பாவி மனுசா! அரசாங்கத்துக்கு உன் காலா கணக்கு? என் வயசுதான் கணக்கு. நாளைக்கு நான் போய்த்தான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே கட்டினீர்கள்.

"அப்ப என்னைப் பாக்க வரவே மாட்டீங்களா?"

"வருவேன். புண்ணு ஆறுனாத்தான் வருவேன். அதுவரைக்கும் உன் வீட்டு வாசலக்கூட மிதிக்கமாட்டேன்!"

நல்லவரே! நலம் சூழ, நடை தளராமல், நெடுங்காலம் வாழ்க! செவ்வாய்தோறும் தங்கள் சத்தமின்றி இந்நிலையம் வெறிச்சோடும்; அதை நினைக்க எங்களுக்கு அழுகை வருகிறது. ஆயினும் முன்வரிசையைச் சற்றே பாருங்கள். இந்தப் பிரிவு விழா தொடங்கியது முதல் லம்பெர்த்துஸ், நேற்றுப் போட்ட கட்டு அப்படியே இருக்க, விழாத் தலைவருக்குப் போட்ட நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து அமர்ந்திருக்கிறார். தலைவர் நின்றுகொண்டிருக்கிறார்.

என்றும் தங்கள் திட்டுக்கு ஏங்கும்,
வத்துமோகா சுகாதார நிலைய ஊழியர்கள்