நடுச்சுவரில் எழுதிய விலைகள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் நாணய மாற்றுக்கார நண்பர்களே, கடையை அடைக்காமல் மைத்துனரை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சங்கத்தின் தலைவர், கடைத்தெருவே ‘சுவர்க்காரர்’ என்று அழைத்த அண்ணன், மறைந்துவிட்டார். அவரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவதில் செயலாளருக்குக் கொஞ்சம் தயக்கம். “நல்லதா நாலு வார்த்தை பேசுங்க. பழசையெல்லாம் கிளறாதீங்க” என்று மேடைப் படியில் காதோடு சொன்னார். பழசைக் கிளறாமல் அண்ணனைப் பற்றி எப்படிப் பேசுவது? வாழ்நாள் முழுக்க அவர் செய்ததே அதுதானே!

என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு சுவர். வாசலைத் தாண்டி நடைபாதைவரை நீண்டு நிற்கும். பத்திரப்படி பாதி அவருக்கு, பாதி எனக்கு. நம் பணம் முதன்முதலாகச் சறுக்கிய வருடம் நினைவிருக்கிறதா? காலையில் பலகையில் எழுதிய வெளிநாட்டுப் பண விலை மதியம் செல்லாது. நாம் என்ன செய்தோம்? ஈரத்துணியால் துடைத்தோம், புதுவிலை எழுதினோம், நேற்று என்று ஒன்று இருந்ததையே மறந்தோம். அண்ணன் மறக்கவில்லை. பெயின்ட் டப்பாவோடு வந்து, ஒவ்வொரு மாதமும் முதல் நாள் விலையை அந்தச் சுவரில் எழுத ஆரம்பித்தார்.

என்னைக் கேட்டாரா? இல்லை. பாதிச் சுவர் என்னுடையது என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

“உன் பாதி அந்தப் பக்கம் இருக்கு காலேஜு. அதுல நீ கவிதைகூட எழுதிக்கோ” என்றார்.

பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவனுக்கு அவர் வைத்த பெயர் ‘காலேஜு’. அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. வைத்துக்கொள்ளத்தான் போகிறேன்.

ஆடாமல் அசையாமல் நிற்கும் அந்த வெளிநாட்டுப் பணத்துக்கு ‘மாமனார்’ என்றும், தினம் ஒரு குணம் காட்டும் நம் பணத்துக்கு ‘மாப்பிள்ளை’ என்றும் பெயரிட்டவரும் அவர்தான். “மாமனார் ஏறிட்டாரே!” என்று யாராவது பதறி ஓடிவந்தால், “மாமனார் உக்காந்த இடத்துலதான் இருக்காரு. மாப்பிள்ளைதான் படியில உருண்டுட்டாரு” என்பார். நாற்பது பக்கக் கட்டுரையில் நான் சொன்னது அதைத்தான். என் கட்டுரையை யாரும் படிக்கவில்லை. அவர் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது. எரிச்சலாக இருக்காதா?

ஒரு தையல்கார அம்மா. மகன் அனுப்பும் மாமனார் நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவர். விலை உச்சத்துக்குப் போன அன்று எல்லாவற்றையும் முடிந்துகொண்டு அண்ணன் கடைக்கு ஓடிவந்தார். எந்தக் கடைக்காரனும் சந்தோஷமாக மாற்றிக் கொடுப்பான். அண்ணன் அவரைக் கையோடு சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அம்மா, இங்க பாருங்க. அந்த வருஷமும் இப்படித்தான் குதிச்சுது. எல்லாரும் இதுதான் உச்சின்னாங்க. அடுத்த மாசமே அதையும் தாண்டிப் போயிடுச்சு. கீழ பாருங்க, இன்னொரு வருஷம் சொன்ன மாதிரியே இறங்கிடுச்சு.”

“அப்ப இப்ப ஏறுமா, இறங்குமா?”

“அது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடை காலேஜுக்கும் தெரியாது. வீட்டுக்கு வேண்டியதை மட்டும் மாத்திட்டு, மீதியைப் பத்திரமா வைங்க.”

எனக்குத் தெரியாது என்பதை என் கடை வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொன்னார்! அந்த அம்மா அதன்பிறகு ஒரு நாளும் பதறி ஓடிவந்ததில்லை. இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

இனி பெரிய சண்டைக்கு வருகிறேன். அரசாங்கம் நம் பணத்தில் மூன்று பூஜ்யங்களை வெட்டியது. பழைய ஆயிரம், புதிய ஒன்று. அப்படியானால் சுவரில் இருந்த பழைய விலைகளையும் ஆயிரத்தால் வகுத்து மாற்றி எழுத வேண்டாமா? இல்லையென்றால் ஒப்பிடவே முடியாதே! எந்தப் பல்கலைக்கழகத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அண்ணன் மறுத்தார்.

“அன்னைக்கு ஜனங்க அத்தனை நோட்டு எண்ணிக் குடுத்தாங்க. நான் எப்படிடா அதைக் குறைச்சு எழுதுவேன்?”

விளைவு என்ன? சுவரைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், மாப்பிள்ளை ஒரே மாதத்தில் மல்லனாகிவிட்டார் என்று நினைத்து, அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்! நான் அண்ணனோடு ஒரு வருடம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் கடை திறக்க வருகிறேன், பழைய விலைக்கும் புதிய விலைக்கும் நடுவே ஒரு தடித்த சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘இங்கே மூன்று பூஜ்யம் போனது.’

“போட்டுட்டேன், போதுமா? டீ குடிக்க வா” என்றார்.

போதாது. வகுத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். இன்றும் சொல்கிறேன், நான் சொன்னதுதான் சரி. ஆனால் டீ குடிக்கப் போனேன். அன்று குடித்த டீ போல இன்னொன்றைக் குடித்ததில்லை.

நண்பர்களே! அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, அதன்மேல் மின்பலகை மாட்டப் போவதாகச் செயலாளர் அறிவித்திருக்கிறார். இன்றைய விலை மட்டும் பளிச்சென்று தெரியுமாம். பழைய விலையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறார். யாருக்கும் லாபமில்லை. நம் எல்லோருக்கும் கொஞ்சம் நஷ்டம்கூட. அதனால்தான் அது இருக்க வேண்டும்! நம் பலகைகளையெல்லாம் நாம் துடைத்துவிட்டோம். இந்தத் தெரு என்னென்ன தாங்கியது என்று சொல்ல வேறு எது இருக்கிறது?

அண்ணன் கடையைச் சங்கம் வாடகைக்கு எடுக்கட்டும். அது அண்ணியின் விருப்பம். ஆனால் சுவர் பொதுச் சுவர். என் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு தூரிகை படக்கூடாது. பாதி என்னுடையது, பாதி என்னுடையது என்று இத்தனை வருடம் கத்தினேனே, ஒருவராவது காதில் வாங்கினீர்களா? இப்போது வாங்கிக்கொள்ளுங்கள். நான் சம்மதிக்கப் போவதில்லை.

இன்று மாதத்தின் முதல் நாள். காலையில் பெயின்ட் டப்பாவோடு போனேன். அண்ணி வந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டார். மாமனார் இருந்த இடத்தில் இருக்கிறார். மாப்பிள்ளையும் ஆறு மாதமாக அடக்கமாக இருக்கிறார். எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

“கோணலா இருக்கு தம்பி” என்றார் அண்ணி.

“அடுத்த மாசம் நேராயிடும் அண்ணி” என்றேன்.