மூன்று முறை கொடுத்த கத்திரிக்கோல்

அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் உட்காருங்கள், சாமி. பனி உருகுகிற மாதத்தில் வெள்ளை ஏரி மடத்திலிருந்து இங்கே வருவதென்றால் குதிரைக்கே மூட்டு விட்டுப்போகும். தன் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவரச் சொல்லி கிளேப் உங்களை அனுப்பியிருக்கிறான். சொல்கிறேன். மறைக்கிற தெம்பெல்லாம் எனக்கு இப்போது இல்லை.

கிளேப் இந்த ஊரை ஆண்ட இளவரசன். நான் ரத்மீர், அவனை வளர்த்தவன். மூன்று வயதில் அவனுக்கு முதல் முடி இறக்கிக் குதிரைமேல் உட்காரவைத்ததே நான்தான். மாமா மாமா என்று சுற்றிவருவான். நல்ல பிள்ளை, ஆனால் பிடிவாதக்காரன். சிம்மாசனம் கேட்டு அவன் அண்ணன் படையோடு வந்து ஊரை வளைத்துக்கொண்டான். போய்ச் சமாதானம் பேசு என்றால் இவன் காதில் ஏறவில்லை. உள்ளே நாங்கள் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து தின்றோம். மீன்காரி ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "உங்க இளவரசருக்கு ரோஷம், எங்க பிள்ளைங்களுக்கு மரப்பட்டை. நல்லாத்தான் வளத்து வச்சிருக்கீங்க, ஐயா."

அது எனக்கு உறைத்தது. யாருக்கும் சொல்லாமல் அண்ணனின் கூடாரத்துக்குப் போனேன். அவன் தம்பியின் உயிரைக் கேட்கவில்லை.

"மொட்டை போட்டு மடத்துல விட்டுடுங்க. துறவியானவன் திரும்பி வந்து சிம்மாசனம் கேக்க முடியாது" என்றான்.

பாம்பும் சாகணும், கம்பும் முறியக்கூடாது என்பார்களே, அப்படி ஒரு வழி. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முறை உங்களுக்குத் தெரியாததில்லை. மடாதிபதி நற்செய்தி நூலின்மேல் கத்திரிக்கோலை வைப்பார். துறவியாகிறவன் தன் கையால் எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டும், மூன்று முறை. யாராவது கையைப் பிடித்துத் திணித்தால் துறவு செல்லாது. ஆகவே அவனாக மனம் ஒப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆவன செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கோயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் கிளேப் கத்திரிக்கோலைச் சுவரில் வீசி எறிந்தான். நான் கோபப்படவில்லை. அவன் மகன் தானில்கோவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். நாலு வயது, தாயில்லாப் பிள்ளை. என் தாடியை இழுத்து விளையாடிக்கொண்டே வந்தான். கோயில் வாசலுக்கு நேர் கீழே ஆறு உறைந்து கிடந்தது. பெண்கள் தண்ணீர் மொள்வதற்காகப் பனிக்கட்டியில் வெட்டிய துளையின் ஓரத்தில் போய் நின்றேன். கதவைத் திறந்தே வைக்கும்படி முன்பே சொல்லியிருந்தேன்.

"மாமா, அங்க என்ன பண்றீங்க?" என்று கிளேப் உள்ளிருந்து கேட்டான்.

"பிள்ளைக்கு ஆத்தைக் காட்டுறேன்பா. நீ ஆக வேண்டியதப் பாரு."

கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் கொடுத்தான். மூன்றாம் முறை கொடுக்கும்போது வாசல் பக்கம் திரும்பினான்.

"நான் போயிடுறேன், மாமா. அவன மட்டும் வளத்து விட்டுடுங்க" என்றான்.

என் கழுத்துச் சிலுவையை முத்தமிட்டுச் சரி என்றேன். அன்றே அவனைச் சறுக்குவண்டியில் ஏற்றி வடக்கே அனுப்பினோம். நான் அழுதேன், அது பொய்யில்லை. மாலையில் கோட்டைக் கதவு திறந்தது, ஊர் ரொட்டி தின்றது.

அண்ணன் உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தான். "இது வளந்தா?" என்று மட்டும் கேட்டான். நியாயமான கேள்விதான். வளர்ந்தால் மறுபடி முற்றுகை, மறுபடி மரப்பட்டை. இவனையும் மடத்தில் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மடாதிபதியிடம் கேட்டேன்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு மனசறிஞ்சு கத்திரிக்கோல எடுத்துக் குடுக்கத் தெரியுமா, ரத்மீர்? செல்லாது" என்றார்.

செல்லாததைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, நான் முறை தவறியவன் இல்லை, சாமி.

கிளேப்பிடம் சொல்லுங்கள், பிள்ளையை நான் யார் கையிலும் விடவில்லை. வேற்று ஆள் தூக்கினால் பயப்படுவான் என்று மறுநாள் காலை நானே அந்தத் துளைக்குத் தூக்கிப்போய், நானே உள்ளே இறக்கினேன். தண்ணீர் குளிருமே என்று ஆட்டுத்தோல் அங்கியைக்கூடக் கழற்றவில்லை.