இன்னும் இரண்டு எட்டு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தலைசுற்றல் உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் போவேன். ராட்டினம் ஏறியதே இல்லை. அதனால் என் மகள் சண்முகப்பிரியா அந்த ஹெட்செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தப் பொருளின்மேல் எனக்கு முன்பே ஏதோ திட்டம் இருந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

பிரியா சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டிவிடுவார்கள். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அந்த வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். பழைய ஹெட்செட்டை ஒருமுறை எனக்கு மாட்டிவிட்டாள்; இரண்டு நிமிடத்தில் வாந்தி எடுத்தேன். இது புதிது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டுமாம்.

“பழசுல செகண்டுக்கு எழுவத்திரண்டு படமுங்கப்பா. இதுல நூத்தி நாப்பத்திநாலு. தலையத் திருப்புனா கூடவே திரும்பும், உங்களுக்குச் சுத்தாது பாருங்க” என்றாள். “மனசுல பட்டத அப்பிடியே ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க, போதும்.”

எழுதினேன். முதல் நாள்: தலை சுற்றவில்லை, சுவர் சுவராக நிற்கிறது. இரண்டாம் நாள்: மூக்கின்மேல் பாரம், நெற்றி வியர்க்கிறது, ஆனால் கால் தயங்கவில்லை. நான்காம் நாள்: மாட்டியிருப்பதே மறந்துவிட்டது. அன்றுதான் அதற்குள் தெரிந்த நாற்காலியில் உட்காரப் போனேன். பிரியா ஓடிவந்து இடுப்பைப் பிடித்தாள். இருவருமாகத் தரையில் விழுந்து வெகுநேரம் சிரித்தோம்.

பழையதில் அப்படி உட்காரப் போயிருக்க மாட்டேன். அதில் படம் ஒரு நூல் பின்தங்கியே வரும். பொய் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் குமட்டுகிறது. புதியதில் உடம்புக்குச் சந்தேகமே வருவதில்லை. இதையும் நோட்டில் எழுதியிருந்தேன். ஆபீசில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். நிதீஷ் என்ற பையன் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்துத் தன் மேஜைக்கு எதிரில் ஒட்டிவைத்தானாம். அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான்.

பிரியாவுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா இறந்துவிட்டாள். பவுண்டரியில் இரும்பு உருக்கி ஊற்றிவிட்டு வந்த கையோடு தலை பின்னிவிட்டிருக்கிறேன். அவளுக்கென்றுதான் வடவள்ளிக்கு மேற்கே இடம் வாங்கி இரண்டு மாடி வீடு கட்ட ஆரம்பித்தேன். மேல்மாடி ஹாலில், வீட்டின் பின்பக்கமாக, மேற்குப் பார்த்த பால்கனி. அங்கே நின்றால் மருதமலை முழுக்கத் தெரியும்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது சொன்னாள். “அப்பா, நிதீஷை எனக்குப் புடிச்சிருக்குதுங்க. உங்ககிட்ட மறைக்கப் பிரியப்படலீங்க.”

எந்த ஊர் என்று கேட்டேன். வால்பாறை என்றாள். அப்பா அம்மா இருவரும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள், எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயன் வீட்டில் இருக்கிறார்கள் என்றாள். எந்த ஆளுங்க என்று கேட்டேன். அதையும் மறைக்காமல் சொன்னாள். நான் கத்தவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை. “யோசிக்கலாம் கண்ணு” என்று சொல்லி அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

எங்கள் சொந்தத்தில் இப்படி ஆன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆள் வைத்து அடிப்பது, காரை மறிப்பது, பெண்ணை அறையில் பூட்டுவது. படிக்காதவன் செய்கிற வேலை. அப்படிப்பட்டவர்களோடு என்னைச் சேர்த்து எழுதாதீர்கள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம்கூடக் கிடையாது. வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுத்தேன். இதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த டம்ளரை மட்டும் தனியாக எடுத்துவைத்தது பழக்கதோஷம்; வேறொன்றும் இல்லை.

நல்ல பையன்தான். கைகட்டிப் பேசினான், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசினான். என் வீட்டு பிளானை வாங்கிக்கொண்டு போய், பத்தே நாளில் ஹெட்செட்டுக்குள் முழு வீட்டையும் கட்டிக்கொடுத்தான். அவனே பால்கனி உயரத்துக்கு ஒரு கம்பில் கேமராவைத் தூக்கிப் பிடித்து மலையைப் படமெடுத்து, உள்ளே கொண்டுவந்திருந்தான்.

“சைட்லயே வெச்சுப் பாக்கலாங்க சார்” என்றான். “நெச செவுரு மேலயே இந்தச் செவுரு உக்காந்துக்கும். கையால தொட்டா நெசமாவே செவுரு இருக்கும். அதுக்கப்புறம் எது நெசம், எது படம்னு யாருக்குமே தோணாதுங்க.”

அவனே வாயால் சொன்னதுதான் இது.

நடக்கிற இடத்தைச் சுற்றி முதலில் ஒரு எல்லைக்கோடு வரைய வேண்டும். அதை எனக்குச் சொல்லித்தந்தது பிரியா. ரிமோட்டைக் கையில் பிடித்துத் தரையைக் காட்டினால் கோடு விழும். நடக்கும்போது அந்தக் கோட்டை நெருங்கினால் கண்முன் நீலநிறத்தில் ஒரு வலை எழும்பும். “வலை வந்தா நின்னுக்கோணுமுங்கப்பா, வரலைனா தாராளமா நடக்கலாம்” என்றாள். ரிமோட்டைச் சற்று உயர்த்திப் பிடித்தால் கோடு பால்கனி வாசலைத் தாண்டிக் காற்றின்மேலும் விழும். தரை எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. இது நானாகக் கண்டுபிடித்தது.

பால்கனி இரும்புச் சட்டத்தில் செய்து மாட்டுவது. மேஸ்திரி காளிச்சாமி கேட்டார். “பால்கனி ரெடியாயிருச்சுங்க. வெசாலக்கெழமை மாட்டிப்போடலாமுங்களா?”

“அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க” என்றேன்.

“அப்ப அந்த வாசலுக்குக் குறுக்கால சவுக்குக் கட்டை கட்டிப்போடறேனுங்க. தெரியாம யாராச்சும் போயிருவாங்க.”

பொறுப்பான மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. கிரானைட் பலகைகளை அந்த வாசலுக்கு நேர் கீழே இறக்கச் சொன்னதும் நான்தான். வேறெங்கே இறக்கினாலும் லாரிக்கு வழி மறைக்கும்.

வெள்ளிக்கிழமை பிரியா ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போயிருந்தாள். ஹெட்செட் என்னிடம் இருந்தது. வேலையாட்களுக்கு அன்று லீவு கொடுத்தேன். நிதீஷைச் சாயங்காலம் வரச் சொன்னேன். அவன் வருமுன் மேலே போய்ச் சவுக்குக் கட்டைகளை அவிழ்த்து ஓரமாகச் சாத்தினேன். தூசிக்குக் கட்டியிருந்த பச்சை வலைத்துணியை மட்டும் வாசலில் தொங்கவிட்டேன். பிறகு எல்லைக்கோட்டை வரைந்தேன்.

நாலேகாலுக்கு வந்தான். பிரியாவுக்கு என்று ஒரு தொட்டிச்செடி கையில். மாடிப்படியிலேயே, ஹாலுக்கு வருமுன், ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னேன். “மொதல்ல இருந்து பாத்தாத்தான நல்லா இருக்கும்” என்றேன். சிரித்துக்கொண்டே மாட்டினான்.

“எல்லை போட்டாச்சுங்களா சார்?”

“போட்டாச்சு. இன்னும் என்ன சார்? மாமான்னே கூப்புடுங்க.”

என் குரல் வந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினான். பிறகு, “சரிங்க மாமா” என்றான்.

அவன் முகம் மறைந்திருந்ததால் எனக்கு எல்லாம் சுலபமாக இருந்தது. முன்னால் போய்ப் பச்சைத்துணியைச் சத்தமில்லாமல் விலக்கினேன். அவன் பார்ப்பதெல்லாம் என் கையிலிருந்த டேப்லெட்டிலும் தெரிந்தது. ஹாலில் ஊஞ்சல், பூஜை அறை, பிரியாவின் புத்தக அலமாரி. சுவரைத் தொட்டான், சுவர் இருந்தது. பால்கனி வாசலின் நிலையைத் தொட்டான், நிலை இருந்தது.

“பால்கனி மாட்டியாச்சுங்களா மாமா?”

“நேத்தே மாட்டியாச்சு.”

வாசலில் நின்றான். காற்று நன்றாக அடித்தது. “இங்கிருந்து மலை அப்பிடியே தெரியுதுங்க. பிரியாவுக்கு ரொம்பப் புடிக்குமுங்க” என்றான்.

நான் அவனைத் தொடவில்லை. இதை எத்தனை முறை கேட்டாலும் இப்படியே சொல்வேன். அவனுக்குப் பின்னால் ஆறடி தள்ளித்தான் நின்றேன்.

“இன்னும் ரெண்டு எட்டு வெய்யிங்க மாப்பிள்ளை” என்றேன். “கம்பிகிட்டப் போய் நின்னு பாருங்க.”

வலை எழும்பவில்லை. அவன் கால் தயங்கவில்லை.

டேப்லெட்டில் வானமும் கம்பியும் மலையும் ஒருமுறை சுழன்றன. அதிலும் படம் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. பிறகு அசையாமல் நின்றது. பால்கனியின் தரை மட்டும் சாய்வாக, சுத்தமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

அன்று கொடுத்த வாக்குமூலத்தில் நான் கீழே போன் பேசிக்கொண்டிருந்ததாகவும், பையன் தானாகவே மேலே போய்விட்டதாகவும் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உடலோடு நானே வால்பாறைக்குப் போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. வழியெல்லாம் தலை சுற்றியது. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். துக்கத்தில் என்று நினைத்து டிரைவர் முதுகைத் தடவிவிட்டார். லயன் வீட்டு வாசலில் நிதீஷின் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கூடவே வந்தீங்களே சாமி, எங்கள மனுசனா மதிச்சு வந்தீங்களே” என்றார். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய கை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிரியா பதினைந்து நாள் என் தோளில்தான் அழுதாள். எட்டு வருடமாகத் தலை பின்ன விடாதவள், அப்போது விட்டாள். பழைய பிரியா கிடைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம், நான் தோசை வார்த்துத் தட்டில் வைத்தபோது, மடியில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷனில் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி ஒன்றுதான் உடைந்திருந்தது.

“எல்லைக்கோடு யாருங்கப்பா போட்டது?”

“நிதீஷ் தம்பிதான் கண்ணு.”

“இதுல பதிவாயிருக்கறது அவரு பேர்ல இல்லைங்க. உங்களுக்குன்னு நான் வெச்சுக் குடுத்த பேர்ல இருக்குது. மணி மூணு நாப்பதுன்னு இருக்குது. அவரு அங்க வந்ததே நாலேகாலுக்குங்க. வந்ததும் எனக்கு மெசேஜ் போட்டாரு.” குரல் உயரவே இல்லை. என்னைப் போலத்தான். “சவுக்குக் கட்டைய யாருங்கப்பா அவுத்தது?”

“சாப்பிடு கண்ணு. ஆறிப்போகுது.”

அவள் தட்டைத் தள்ளவில்லை. எழுந்து, ஹெட்செட்டைப் பைக்குள் வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். ஆட்டோ தெருமுனை திரும்பியது.

இப்போது தோழி வீட்டில் இருக்கிறாளாம். என் போனை எடுப்பதில்லை. கொஞ்ச நாள் போகட்டும். என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நான் செய்தது அவளுக்காக. வேறு எந்த அப்பனாவது இவ்வளவு யோசித்து, கைவைக்காமல், அவமானம் ஏதும் வராமல் செய்திருப்பானா என்று அவளே ஒருநாள் நினைத்துப் பார்ப்பாள். ஆமாம், நிதீஷைக் கொன்றது நான்தான். அதை ஒளிக்கவில்லை.

அவள் கைப்பட எழுதிக்கொடுத்த புகாரைக் காலையில் வாசித்துக் காட்டினீர்கள். அதன் முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், நீங்களும் வாசித்தீர்கள். ‘தம்பிதுரை மகள் சண்முகப்பிரியா ஆகிய நான்’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறாள். பார்த்தீர்களா, இவ்வளவு நடந்த பிறகும் என் பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவில்லை.