நூறு நிமிஷச் சாப்பாடு

தொமிகோ: அந்தத் தொடுதிரையில ‘சோறு கம்மி’ன்னு ஒரு பொத்தான் இருக்கும் பாரு. அதை அமுக்கு. எல்லாத்துக்கும் அமுக்கு.

கனாயே: அமுக்கிட்டேன், அத்தை.

தொமிகோ: கணவாய்க்கும்?

கனாயே: கணவாய்க்கும்தான்.

தொமிகோ: சூப்பு மட்டும் கேக்காதே. வயித்தை ரொப்பி அனுப்பத்தான் அதை முதல் பக்கத்துல போட்டு வெச்சிருக்கான்.

கனாயே: எனக்கு சூப்பு பிடிக்கும்.

தொமிகோ: வீட்ல போயி குடி. எத்தனை நிமிஷம் ஆச்சு?

கனாயே: இப்பதானே உக்காந்தோம். நாலு நிமிஷம். நூறு நிமிஷம் இருக்கு.

தொமிகோ: எங்க நூறு? எண்பதுலயே ஆர்டர் எடுக்கறதை நிறுத்திடுவான். மிச்சம் எழுபத்தாறு. முதல்ல வெள்ளை மீன். அப்புறம் கணவாய், இறால். சூரை மீனோட வயித்துச் சதையை ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தொடணும். வந்ததும் அதுல கை வெச்சா நாக்கு வேற எதையும் ஏத்துக்காது.

கனாயே: படையெடுப்புக்கு வந்த மாதிரி பேசறீங்க.

தொமிகோ: பின்ன? எவ்வளவு சுஷி வேணா தின்னலாம்னு வெளிய எழுதி வெச்சிருக்கான். எழுதினவன் பயப்பட வேண்டாமா?

கனாயே: அந்தக் குழந்தை நம்மளையே பாக்குது.

தொமிகோ: ரெண்டு பொம்பளைங்க தலையில இருந்து கால் வரைக்கும் துக்கக் கறுப்பு. பாக்காம என்ன பண்ணும்?

கனாயே: கோயில்ல திதிக்கு பிக்கு சூத்திரம் ஓதி முடிச்சு முக்கால் மணி நேரம்கூட ஆகல... நேரா இங்க வந்துட்டோம். யாராவது தெரிஞ்சவங்க பாத்தா...

தொமிகோ: பாக்கட்டும். செத்தவன் என் பிள்ளை, உன் புருஷன். ரியோஹெய்க்கு ஆட்சேபணை இருக்காதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். வேற யாரைக் கேக்கணும்?

கனாயே: அவரோட அண்ணன் சாப்பிட வந்திருக்கலாம்.

தொமிகோ: மசாநொபுவுக்கு வேலை இருக்காம். ஞாயித்துக்கிழமையில.

கனாயே: அவர் வீட்டுக்காரி எரிகோ அக்காவாவது...

தொமிகோ: அவளுக்குப் பச்சை மீன் ஆகாது. கல்யாணமாகி இருபது வருஷமா ஆகல. அவ அம்மா வீட்ல ஆகும்.

கனாயே: அத்தை!

தொமிகோ: மெதுவாத்தானே சொன்னேன்.

பூனை வண்டி: சாப்பாடு கொண்டு வந்திருக்கேன், மியாவ். தட்டை எடுத்துக்குங்க, மியாவ்.

தொமிகோ: இது ஏன் எப்பப் பாத்தாலும் என் பக்கமா வந்து நிக்குது?

கனாயே: மனுஷன் செய்யற வேலையை மெஷின் பூனை செய்யுது. பாவம், விடுங்க. இந்தாங்க, கணவாய்.

தொமிகோ: ம்ம்... பரவாயில்ல. விலைக்கு மோசமில்ல. இந்தா.

கனாயே: என்னது?

தொமிகோ: சோறு. நான் மீனை எடுத்துக்கிட்டேன். சோத்தை மிச்சம் வெச்சா தண்டம்னு சுவத்துல எழுதியிருக்கான் பாரு. நீ சாப்பிடு.

கனாயே: இது மூணாவது உருண்டை.

தொமிகோ: சின்ன உருண்டைதானே? உனக்கு வயசிருக்கு. சரி, நான் கை கழுவிட்டு வரேன். பூனை வந்தா இறாலை எடுத்து வை. என் பக்கம் வை.

கனாயே: சரி, போயிட்டு வாங்க... ஹலோ, சயோ? மெதுவா பேசு. கடைக்குள்ள இருக்கேன்.

சயோ: சொல்லிட்டியா, அக்கா?

கனாயே: இன்னும் இல்ல.

சயோ: இன்னும் இல்லையா? நாளைக்குக் காலையில நகராட்சி அலுவலகத்துக்குப் போறேன்னு நீதானே சொன்னே? படிவம் எங்க இருக்கு?

கனாயே: கைப்பையில. எல்லாம் எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு.

சயோ: அப்புறம் என்ன? புருஷன் செத்தப்புறம் அவன் வீட்டு ஆளுங்களோட உறவு முடிஞ்சதுன்னு எழுதிக் குடுக்கறே. அவங்க சம்மதம் வேண்டாம். அவங்களுக்குத் தகவல்கூடப் போகாது. பேசாம குடுத்துட்டுப் போயேன்.

கனாயே: சொல்லாம குடுத்தா எனக்கு நான் திருடி மாதிரி இருக்கும்.

சயோ: உனக்கு அந்தம்மாவைப் பிடிக்கும். அதான் வம்பு.

கனாயே: பிடிக்கும். ஆனா இன்னிக்குக் கோயில் வாசல்ல மசாநொபு காரைக் கிளப்பிக்கிட்டே என்ன சொன்னார் தெரியுமா? அடுத்த ஞாயித்துக்கிழமை தரகரைக் கூட்டிட்டு வர்றாராம். அத்தை வீட்டை வித்துட்டு, அவங்களை என் ரெண்டு அறை வீட்ல விடப்போறாராம். “சின்ன மருமகளோட கடமைதானே”ன்னார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. அத்தையைக் கேட்டாரான்னுகூடத் தெரியல.

சயோ: அந்தக் கார் கண்ணாடியை உடைச்சிருக்கணும் நீ.

கனாயே: வராங்க. வைக்கறேன்.

தொமிகோ: யாரு?

கனாயே: தங்கச்சி. சும்மா.

தொமிகோ: இறால் வந்துச்சா?

கனாயே: உங்க பக்கம்தான் வெச்சிருக்கேன்.

தொமிகோ: நல்ல பொண்ணு. ம்ம்... இது இனிக்குது. நேத்து வரைக்கும் கடல்ல இருந்திருக்கு. இந்தா, சோறு.

கனாயே: அத்தை, உங்ககிட்ட ஒண்ணு...

தொமிகோ: கானாங்கெளுத்தி போடு. ரெண்டு.

கனாயே: ரெண்டா?

தொமிகோ: ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. அவனோடதையும் நானே தின்னுடுவேன், கவலைப்படாதே. சின்ன வயசுல அவன் வெறும் கானாங்கெளுத்தியா தின்னு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. டாக்டர் கூடாதுன்னார். மறுநாள் பக்கத்து வீட்ல போயி தின்னுட்டு வந்தான்.

கனாயே: கடைசியிலகூட ஆஸ்பத்திரியில கேட்டார். வாசனையாவது காட்டுன்னார். நான் நர்ஸுக்குத் தெரியாம ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனேன்.

தொமிகோ: வாங்கிட்டுப் போனியா? எனக்குத் தெரியாதே.

கனாயே: மூடியைத் தொறந்து மூக்குக்கிட்ட வெச்சேன். “வினிகர் ஜாஸ்தி”ன்னார்.

தொமிகோ: ஹா... சொல்லுவான். சாகக் கெடக்கும்போதும் குத்தம் சொல்லுவான். அவங்க அப்பாவும் அப்படித்தான்... அந்தக் காகிதத் துண்டைக் குடு. இஞ்சி காரம், கண்ல தண்ணி வருது.

கனாயே: இந்தாங்க.

தொமிகோ: எத்தனை நிமிஷம்?

கனாயே: அறுபத்தி ரெண்டு ஆச்சு.

தொமிகோ: அப்ப சூரை வயிறு. ஒரு தடவைக்கு ஆளுக்கு ஒரு தட்டுதான் தருவான். வந்ததும் அடுத்ததை அமுக்கு. அது வந்ததும் அதுக்கு அடுத்தது.

கனாயே: அமுக்கறேன்.

பூனை வண்டி: சாப்பாடு கொண்டு வந்திருக்கேன், மியாவ்.

தொமிகோ: வாடா ராஜா. இதுக்குத்தான் காத்திருந்தேன். கனாயே, நீயும் எடுத்துக்கோ. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா மீன் செரிக்காது. இந்தா, சோறு.

கனாயே: வேண்டாம்.

தொமிகோ: என்ன வேண்டாம்?

கனாயே: உங்க சோத்தை நீங்களே சாப்பிடுங்க, அத்தை. நான் ஒன்பது உருண்டை சாப்பிட்டுட்டேன். என் மீனை இன்னும் தொடவேயில்ல. கோவமா?

தொமிகோ: இல்ல. பன்னெண்டு வருஷத்துல நீ என்கிட்ட ‘வேண்டாம்’னு சொல்றது இதுதான் முதல் தடவை. எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.

கனாயே: எப்படி இருக்கு?

தொமிகோ: வினிகர் ஜாஸ்தி. சொல்லு, சொல்லு. வேற என்ன வேண்டாம்?

கனாயே: நாளைக்கு நகராட்சி அலுவலகத்துல ஒரு படிவம் குடுக்கப் போறேன். ரியோஹெய் வீட்டோட எனக்கு உறவு முடிஞ்சதுன்னு. குடுத்ததுக்கப்புறம் சட்டப்படி நான் உங்க மருமக இல்ல. மசாநொபுவுக்கும் நான் யாரும் இல்ல. உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுத்தான் குடுக்கணும்னு நெனச்சேன்.

தொமிகோ: வேற ஆளா?

கனாயே: இல்ல.

தொமிகோ: இருந்தாலும் தப்பில்ல. உனக்கு நாப்பத்தி ஒண்ணுதானே?

கனாயே: இல்லைங்கறேனே!

தொமிகோ: சரி, சரி. நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்க.

கனாயே: உங்களைப் பாத்துக்க மாட்டேன்னு நான் சொல்லல. உங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா நான் வருவேன். கூப்பிட்டா வருவேன், கூப்பிடாமலும் வருவேன். ஆனா மசாநொபு கடமைன்னு சொல்லி, மூட்டை மாதிரி உங்களைக் கொண்டுவந்து என் வாசல்ல இறக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்களுக்கும் அது அவமானம், எனக்கும் அவமானம்.

தொமிகோ: கல்லறைக்கு?

கனாயே: மாசா மாசம் போறேனே, அதே மாதிரி போவேன். என் புருஷனைப் பாக்க எனக்கு யாரு அனுமதி வேணும்?

தொமிகோ: வீட்ல இருக்கற அவன் படம்?

கனாயே: என்கிட்டயே இருக்கும். அதைக் குடுக்க மாட்டேன். அதுல பிடிவாதமா இருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.

தொமிகோ: இரு. அந்தச் சூரையைத் தின்னு முதல்ல. சூடேறிப் போச்சுன்னா எண்ணெய் வழியும்.

கனாயே: அத்தை...

தொமிகோ: தின்னு. தின்னுக்கிட்டே கேளு. அவன் போன அன்னிக்கு நீ அழல. கல்நெஞ்சக்காரின்னு எரிகோ என் காதுல சொன்னா.

கனாயே: தெரியும். எனக்குக் கேட்டுது.

தொமிகோ: நான் பதில் சொல்லல. நீ போட்டிருந்த ஸ்வெட்டரைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவனோடது. உள்பக்கம் வெளிய இருந்துச்சு. தையல், லேபிள் எல்லாம் வெளிய தெரிய, வர்றவங்களுக்கெல்லாம் நீ குனிஞ்சு நன்றி சொல்லிக்கிட்டிருந்தே. அன்னிக்கே நான் எரிகோவுக்குப் பதில் சொல்லியிருக்கணும். சொல்லல. பெரியவன் வீட்டுக்காரியாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

கனாயே: நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

பணிப்பெண்: மன்னிக்கணும், இந்த மேசைக்கு இதுதான் கடைசி ஆர்டர். வேற ஏதாவது வேணுமா?

தொமிகோ: வேணும். சூரை வயிறு ரெண்டு. கானாங்கெளுத்தி ஒண்ணு. அப்புறம் இவங்களுக்கு ஒரு சூப்பு.

பணிப்பெண்: சரிங்க. சோறு கம்மியா?

தொமிகோ: வேண்டாம்மா. எப்பவும் போல போடுங்க. நானே சாப்பிட்டுக்கறேன்.

கனாயே: சூப்பா? எனக்கா?

தொமிகோ: பிடிக்கும்னு சொன்னியே. படிவத்தைக் காட்டு.

கனாயே: இங்கயா?

தொமிகோ: கையைத் தொடைச்சுக்கிட்டேன், குடு. ம்ம்... எழுத்து அழகா இருக்கு. அவன் பேரை மட்டும் ரொம்ப அழுத்தி எழுதியிருக்கே. பரவாயில்ல, படிக்க முடியுது. தேதி?

கனாயே: நாளைக்குப் போடுவேன்.

தொமிகோ: இன்னிக்கே போடு. மசாநொபு அடுத்த வாரம் வரும்போது கையில தயாரா இருக்கட்டும். அவனுக்குக் கை காட்ட ஒரு மருமக இருக்கற வரைக்கும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டான். நீ இல்லைன்னா வேற வழியில்லாம என் மூஞ்சியைப் பாத்துக் கேப்பான். கேட்டா சொல்லுவேன், என் வீட்டை நான் விக்கலடா, தரகரைக் கூட்டிக்கிட்டுக் கெளம்புன்னு.

கனாயே: உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, வீட்டை விக்கப் போறார்னு?

தொமிகோ: அவனைப் பெத்தவ நான். அவன் மூணு மாசமா வந்து சுவத்தைத் தட்டித் தட்டிப் பாக்கறான். அளவு நாடாவோட அம்மாவைப் பாக்க வர்ற பிள்ளையை நீ பாத்திருக்கியா?

கனாயே: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

தொமிகோ: நீ சொன்னியா?

கனாயே: ...இல்ல. சரி, நாளையில இருந்து உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?

தொமிகோ: தொமிகோன்னு கூப்பிடு. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல. ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் சொல்றாங்க, மத்தவங்க அம்மாங்கறாங்க.

கனாயே: தொமிகோ... சான். ஐயோ, மரியாதைக்கு ‘சான்’ சேத்தாலும் வாயில வரல.

தொமிகோ: வரும். சூப்பைக் குடிச்சுட்டு இன்னொரு தடவை சொல்லிப் பாரு. அது சரி, இப்படி ஒரு படிவம் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?

கனாயே: யாரும் சொல்லல. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சாயங்காலம், கதவுல தபால் போடற துவாரம் வழியா ஒரு காகிதம் விழுந்துது. அதுல எல்லாம் போட்டிருந்துது. எந்த கவுண்டர்ல குடுக்கணும், என்னென்ன கொண்டு போகணும்... நகராட்சியில இருந்து வீடு வீடா போடறாங்க போல.

தொமிகோ: எந்த நகராட்சிக்காரன்டி லிஃப்ட் இல்லாத கட்டடத்துல மூணு மாடி ஏறி வந்து போடுவான்? போட்டுட்டு உன் கதவுக்கிட்டயே நின்னேன். உள்ள நீ இருமற சத்தம் கேட்டுது. தட்டி, கையில குடுத்திருந்தா, போன்னு நானே உன்னைத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிருக்கும்... அதான் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் போடாம இறங்கி வந்துட்டேன்.