மேட்டில் மூச்சு வாங்கிய வண்டி

ஈரப் புல்லை வெட்டக் கூடாது ஐயா. எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் நான்தான் மெக்கானிக். மைதானத்தில் புல் வெட்டும் வண்டியை, மேலே உட்கார்ந்து ஓட்டுவோமே அதை, ஓட்டியவர் என் தங்கையின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

கோடைத் தொடக்கத்தில் வந்து நின்றார். "மச்சான், வண்டி கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. அப்புறம் மூச்சு வாங்குது. மேட்டுல ஏறவே மாட்டேங்குது."

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டினேன். பிய்த்துக்கொண்டு ஓடியது. மறுநாளே திரும்பி வந்தார். இப்படிப் பல தடவை. என்னிடம் ஓடும், அவரிடம் சுணங்கும். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

நான் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருநாள் கல்லூரி மேனேஜர் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. "ஒண்ணுமில்ல மச்சான், சும்மாத்தான்" என்றார் மாப்பிள்ளை. சும்மா பேசுகிறவர்கள் எதற்காக நிறுத்த வேண்டும்? தோட்டக்காரர்கள் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "நம்ம டாக்டர் கை வச்சா நோயாளி அன்னிக்கு மட்டும் பொழைச்சுக்குவான்" என்று சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். கொஞ்சம்தான், ஆனால் சிரித்தார்.

பிறகு தங்கை கேட்டாள். "அண்ணே, நீ வேலைய விட்டா ஒர்க்‌ஷாப்ப யாரு பாப்பாங்க?" என் முழங்கால் வலிக்காகத்தான் கேட்டதாகச் சொன்னாள். இத்தனை வருஷமாக இல்லாத அக்கறை. இல்லாத கோளாறைச் சொல்லி என் இடத்துக்கு அடிபோடுகிறார்கள் என்று புரிந்துவிட்டது.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்ததும் எஞ்சினும் பிளேடும் நின்றுவிடும். அதன் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். இனி ஆள் இறங்கினாலும் பிளேடு சுற்றும். பிறகு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"புல்லு அடைச்சிருக்கும் மாப்ளே. மூச்சு வாங்குனா எறங்கி, கீழ கைய விட்டு எடுத்துடுங்க. எஞ்சின் சத்தம் கேட்டாலும் பயப்படாதீங்க. எந்திரிச்சா பிளேடு மட்டும் நிக்கிற மாதிரி மாத்தியிருக்கேன்."

"சரி மச்சான்."

கோளாறு என்பது பொய்யாக இருந்தால் அவர் இறங்கவே போவதில்லை, ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைவிட நியாயமான சோதனை வேறென்ன இருக்கிறது?

மறுநாள் காலை நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றேன். வண்டி மேட்டில் ஏறியது, சுணங்கியது. பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பிறகு மண்டியிட்டார்.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று நினைத்தேன். அவர் அலறியது எனக்கு நன்றாகவே கேட்டது.

துண்டால் இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இப்போது தங்கைதான் ஊட்டிவிடுகிறாள். கண் விழித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியில கோளாறு இருக்குன்னு சொன்னேன்ல மச்சான், இப்பவாவது நம்புறீங்களா?" என்றார். அந்த நிலைமையிலும் என் வேலையில் குற்றம் சொல்வதை அவர் விடவில்லை பாருங்கள்.

டாங்க் மூடியில் காற்றுப் போகும் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்ததாம். கொஞ்ச நேரம் ஓடியதும் பெட்ரோல் இறங்காமல் எஞ்சின் திணறுமாம். நான் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மூடியதால்தான் என்னிடம் ஓடியதாம். வண்டியைச் சோதித்த உங்கள் ஆள் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் வண்டியைத் தினமும் குளவி கூடு கட்டுகிற கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? அதை மட்டும் அவரிடம் யாரும் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.