பாடகரின் காது

பஞ்சு சுற்றிய குச்சியைக் காதுக்குள் விடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். உங்களிடமும் சொல்லிவைக்கிறேன், நேற்று நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா மூடியால் காதைக் குடைந்தீர்கள். காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நாம் எதையாவது உள்ளே விட்டால்தான் கெடும்.

இருபத்திரண்டு வருஷமாகக் காதுதான் என் பிழைப்பு. ராக் இசைக்குழு மேடையேறும்போது கூட்டத்துக்குக் கேட்பது வேறு, வாசிக்கிறவர்களுக்குக் கேட்பது வேறு. கூட்டத்துக்கு ஒலியை அனுப்புகிறவர் எதிரே, வெளிச்சத்தில் இருப்பார். நான் மேடையின் இடது ஓரத்தில் கறுப்புத் துணிக்குப் பின்னால் இன்னொரு ஒலி மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பேன். குழுவில் நாலு பேர். ஒவ்வொருவருடைய காதுக்கும் அச்செடுத்துச் செய்த இயர்பீஸ் உண்டு. அதை மாட்டிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே போகாது. முப்பதாயிரம் பேர் கத்தினாலும் பக்கத்து வீட்டில் குழாய் திறந்திருப்பது போலத்தான் இருக்கும். நான் அனுப்புவதுதான் அவர்களுக்குக் கேட்கும். என்னிடம் ஒரு மைக்கும் ஒரு பொத்தானும் உண்டு. அழுத்திக்கொண்டு பேசினால், யார் காதைத் தேர்ந்தெடுக்கிறேனோ அவருக்கு மட்டும் போகும். 'மூணாவது பாட்டை விட்டுட்டு நாலாவது போங்க' என்பது மாதிரியான விஷயங்களுக்காக அது.

பாடகர் என் அக்காவின் வீட்டுக்காரர். அத்தான் என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன்.

எங்கள் குழு தேவாலயத்துக் குழு அல்ல. இதை ஏன் சொல்கிறேன் என்றால், செய்தியில் அப்படித்தான் போடுகிறார்கள். விளையாட்டு அரங்கத்திலும் கல்லூரியிலும் பாடினோம். ஒரு பாட்டு கார் விளம்பரத்தில்கூட வந்தது. ஆனால் எல்லாப் பாட்டிலும் ஒரு 'நீ' இருக்கும். 'கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், நீ வராத நாளிலும் தரையில் உன் ஈரக் கால்தடம்' என்று ஒரு பாட்டு. கல்யாணத்திலும் போடுவார்கள், அடக்கத்திலும் போடுவார்கள். 'ஆண்டவரின் நாமத்தை ஏன் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்' என்று போதகர்கள் கடிதம் எழுதினார்கள். இதற்கு மேல் நெருங்கிவிடாதீர்கள் என்று இசை நிறுவனத்தார் கெஞ்சினார்கள். அத்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "பேர் எழுதிட்டா அது ஒரே விலாசத்துக்குப் போற தபால் ஆயிடும்."

மேடையேறும் முன் நாலு பேரும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பார்கள். அத்தான் இரண்டு வரி ஜெபம் சொல்வார். கிட்டார்காரரை மீசை என்போம். அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவரும் கண்ணை மூடிக்கொள்வார். "உங்க ஆண்டவர் நல்லவர்தான்பா, ஆனா கிட்டார்ல நாலு கார்டுக்கு மேல கத்துக்கவே மாட்டேங்கிறார்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் மேடையேறுவார்கள்.

பத்தொன்பது வயதில் நான் ஓர் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, இனி வெளியே வருவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அடுத்த அறையில், அப்போது அக்காவுக்கு நிச்சயம் மட்டும் ஆகியிருந்த அத்தான், அந்தக் கதவுப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை பாடி முடிப்பதற்குள் நான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். அந்தப் பாட்டின் 'நீ' நிஜம் என்று நம்பித்தான் திறந்தேன். இது ஒன்றுதான் நான் சொல்லக்கூடிய காரணம். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

போன வருஷம் ஒரு மத்தியானம், ஒத்திகை அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அத்தான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அது போயிடுச்சு."

"எது அத்தான்?"

"நம்பிக்கை. ஜெபம் பண்றப்போ எனக்கு நானே பேசிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்."

"திடீர்னு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலடா. அதான் விஷயம். இத்தனை வருஷமா ஒண்ணுமே நடக்கலை."

எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நல்லாத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். அடுத்த பேட்டியில் வெளிப்படையாகவே சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். பாட்டுகள் அப்படியே இருக்கலாம், 'நீ' என்பது இனிமேல் கேட்கிறவர்கள்தான் என்றார். நான் தலையாட்டினேன். கீழே கிடந்த ஒரு வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினேன். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. தாழ்ப்பாளுக்குப் பின்னால்கூட வந்ததில்லை.

பத்து நாள் கழித்து, திறந்த வெளியில் ஒரு மாலை நிகழ்ச்சி. வெயில் இன்னும் தணியவில்லை. கதவுப் பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் நின்று ஆறு நொடி மௌனம் வரும். அந்த மௌனத்தில் பொத்தானை அழுத்தினேன்.

கிசுகிசுக்கும்போது எல்லோருக்கும் ஒரே குரல்தான். பக்கத்தில் படுத்திருப்பவரின் கிசுகிசுப்பைக்கூட அடையாளம் காண முடியாது. அதோடு கொஞ்சம் எதிரொலி சேர்த்தால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் தெரியாது. அவருடைய அம்மா அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயரை அக்கா ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். அதை இந்தத் தாளில் எழுத வேண்டாம். அதைச் சொன்னேன். பிறகு, "இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அத்தான் அடுத்த வரியை மறந்துவிட்டார். கூட்டம் அதைப் பாடி முடித்தது. அவர் என் பக்கம் வந்து, இயர்பீஸைக் கழற்றிவிட்டுக் குனிந்தபோது உதட்டில் ரத்தமே இல்லை.

"மாப்ள, என் லைன்ல யாராவது பேசினாங்களா?"

"இல்லையே அத்தான். ஏன், என்ன கேட்டுச்சு?"

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு இல்லை.

அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பயந்துபோனார். ஞாயிறு வகுப்புக் கதைகளில் தேவதூதன் வந்ததும் முதலில் பயப்படாதே என்றுதான் சொல்வான். ஏன் என்று அப்போது புரிந்தது. அடுத்த நிகழ்ச்சியில் நானும் அதைச் சொன்னேன். "பயப்படாதே." அவர் மைக்கை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

பேட்டி ரத்தானது. ஐந்து வாரத்தில் ஏழு பாட்டு எழுதினார். நீங்களும் கேட்டிருப்பீர்கள், எல்லோரும் கேட்டார்கள். 'என் பெயரை அறிந்தவனே, விளக்கை அணைக்காதே' என்பது அதில்தான் வருகிறது. இந்தக் குழுவின் விசுவாசம் இப்போதுதான் முதிர்ச்சி அடைந்திருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்த வரியை வெட்டி என் மிக்ஸர் பெட்டியின் உள்மூடியில் ஒட்டினேன். எல்லா நிகழ்ச்சியிலும் நான் பேசவில்லை. நாலில் ஒன்று, அவ்வளவுதான். அளவு முக்கியம்.

அக்கா ஒரு நாள் சமையலறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"குளியலறையில போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுட்டு உக்காந்துக்கிறாருடா. சாப்பிடறதில்லை. பேசிக்கிட்டே இருக்கிறப்போ 'சும்மா இரு, கேளு'ங்கிறார். எனக்கு இவரைப் பார்த்தாப் பயமா இருக்கு."

"பாட்டெல்லாம் நல்லா வருதேக்கா" என்றேன்.

"பாட்டு யாருக்குடா வேணும்?" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு வேதனையாக இருந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். நான் பயந்து மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. குரல் நின்றுவிட்டது, மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் எழுதினார். அத்தான் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். மீசையோடு சீட்டுக்கூட ஆடினார். ஒத்திகையில் விசிலடித்துக்கொண்டே வந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் நிறுத்தியதற்கு ஒரு மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டு போகிறது. நாலாவது வாரம், கதவுப் பாட்டில், "மாத்திரை வேண்டாம்" என்றேன். அன்றோடு அவர் நிறுத்திவிட்டார். அக்காவுக்குத் தெரியாமல் தினமும் ஒன்றைக் கழிவறையில் போட்டாராம். என்னிடம்தான் சொன்னார். என்னை அவ்வளவு நம்பினார்.

அதன் பிறகுதான் நான் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"இப்பல்லாம் வீட்டுலயும் கேக்குது மாப்ள."

"வீட்டுலயா?"

"படியில ஏறும்போது கேக்குது. பல் தேய்க்கும்போது கேக்குது. மேல வா, மேல வான்னு."

அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று, அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், பிடித்திருந்தால் பிடிக்கவைத்தது நான். இல்லையென்றால் நான் தொடங்கியதை ஆண்டவர் கையில் எடுத்துக்கொண்டார். விடிவதற்குள் இரண்டாவதுதான் சரி என்று தெளிந்துவிட்டேன். அப்படியும் பயம் போகவில்லை.

கடைசி நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள்.

"ஒண்ணு யோசிச்சேன்டா. முதல் மூணு மாசம் மேடையில மட்டும்தானே அவருக்குக் கேட்டுச்சு? அந்தக் காதுல மாட்டறதுல ஏதாவது கோளாறா இருக்கும். வேற ரேடியோ ஏதாவது கலக்குதோ என்னவோ. எல்லா லைனும் பதிவாகுமாமே, மீசை சொன்னார். இந்த நிகழ்ச்சி முடியட்டும், உக்காந்து ஒவ்வொண்ணா கேக்கப் போறேன். நீயும் கூட இரு. உனக்குத்தான் இதெல்லாம் புரியும்."

சரிக்கா என்றேன். என் மைக்கின் லைனும் பதிவாகிறது என்பது எனக்கு எப்போதும் தெரியும். யாரும் அதைத் திறந்து கேட்கமாட்டார்கள் என்பதுதான் என் தைரியமாக இருந்தது.

மறுநாள் மாலை ஐந்தரை மணிக்குக் கடைசிப் பாட்டு. அதில் அத்தான் நிற்கும் பலகை இயந்திரத்தில் உயரும். மூன்று மாடி உயரம். இடுப்பில் பெல்ட் இருக்கும், அதன் கொக்கியைக் கம்பியில் மாட்டியிருப்பார்கள். பலகை உச்சிக்குப் போய் நின்றது. அவர் குனிந்து கொக்கியைக் கழற்றினார். இயந்திரத்தை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். இயக்குகிறவர் பொத்தானைத் தட்டினார். அது இறங்கத் தொடங்குவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

அத்தான் மைக்கில் கேட்டார். "வரட்டுமா?"

மீசை கிட்டாரைப் போட்டுவிட்டு என் மேசைக்கு ஓடிவந்தார். அவர் முகம் கோணியிருந்தது. "பேசுடா அவன்கிட்ட. நாங்க கத்தறது எதுவும் அவனுக்குக் கேக்காது. உன்னால மட்டும்தான் முடியும்."

மீசை சொன்னது சரி. வேறு யாருடைய குரலும் அங்கே எட்டாது. 'கொக்கியை மாட்டு' என்று சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார். மாத்திரையை விட்டவர், இதையும் கேட்டிருப்பார். மாட்டியிருந்தால் இறங்கி வந்திருப்பார். அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு லைனாகக் கேட்டிருப்பாள். அதுவும் என் மனதில் ஓடியது. மறைக்கவில்லை.

அவர் கேட்டதற்கும் நான் பேசியதற்கும் நடுவே பதிவில் பதினோரு நொடி இருக்கிறது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். திட்டம் போடவில்லை. அவருடைய லைனை என் ஹெட்போனில் முழுச் சத்தத்துக்கு ஏற்றிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டிலும் படியிலும் அவரைக் கூப்பிட்டவர் இப்போது பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது. யாரும் பேசவில்லை.

அதனால்தான் நான் பொத்தானை அழுத்தி "வா" என்றேன். ஆண்டவர் இல்லையென்று அவர் நினைத்துவிடக் கூடாது, பாருங்கள்.